சீண்டுவாரில்லாத பழைய ரேக் கருவிகள்: தேடுவது, சோதிப்பது, வாங்குவது

நான் முதன்முதலாக வாங்கிய ரேக் கருவி, ஒலியைத் தாமதித்து எதிரொலிபோல் திருப்பித் தரும் ஒரு டிலே. ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். நான் அதைப் படிக்காமல் 230 வோல்ட்டில் செருகிவிட்டேன். அடுத்து வாங்கிய சாம்பளர் (ஒலிகளைப் பதிந்து ஸ்வரங்களாக வாசிக்கும் கருவி) பழுதில்லாமல்தான் வந்தது, ஆனால் அதை எழுப்பத் தேவையான ஃப்ளாப்பி கூடவே வரவில்லை. சரியான வட்டு கைக்குக் கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. மூன்றாவது கருவிக்கு முன்னால்தான் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைத்தேன். அந்தத் தாளைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இசை செய்யத் தொடங்கியிருப்பவர்கள், கையில் பணம் அளவாக வைத்திருப்பவர்கள், மென்பொருள் ரிவெர்ப் (கூடத்தில் ஒலி சுழல்வதுபோல் செய்யும் எஃபெக்ட்) அலுத்துப்போனவர்கள் எல்லாருக்கும் இது உதவும்.

தொடங்கும் முன் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ரேக் கருவிகள் என்பவை ஒரு சட்டகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிவைக்கும் ஒலிக் கருவிகள். அவற்றின் முகப்பு 19 அங்குல அகலம். உயரத்தை 'யூ' என்ற அலகில் சொல்வார்கள். 1 யூ என்பது 44.45 மில்லிமீட்டர். இதில் பாதி அகலத்தில் 'அரை ரேக்' கருவிகளும் உண்டு. அவற்றை மேசைமேல் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

1. பெயரைத் தேடாதீர்கள்

லெக்சிகன் பி.சி.எம்.70, கோர்க் எஸ்.டி.டி.3000, ரோலண்ட் டைமென்ஷன் டி. இந்த மாதிரிப் பெயர்களைத் தேடினால் உங்களுக்கு முன்னால் ஆயிரம் பேர் நிற்பார்கள். அந்தக் கருவிகள் அருமையானவை, மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் விலையில் பாதி, பெயருக்காகத்தான். அதே காலத்தில், பல நேரம் அதே நிறுவனத்தில், அதே பொறியியலில் செய்த வேறு பெட்டிகள் தூசு படிந்து கிடக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் எனக்குப் பலன் கொடுத்திருக்கின்றன.

முதல் வழி, புகழ்பெற்ற கீபோர்டின் ரேக் உடன்பிறப்பைத் தேடுவது. ரோலண்ட் டி50-க்கு டி550, ஆல்ஃபா ஜூனோவுக்கு எம்.கே.எஸ்.50, கோர்க் டி.டபிள்யூ.8000-க்கு இ.எக்ஸ்.8000, எம்1-க்கு எம்1ஆர், என்சோனிக் இ.எஸ்.க்யூ.1-க்கு இ.எஸ்.க்யூ.எம், கவாய் கே4-க்கு கே4ஆர். அடிப்படை ஒலி பெரும்பாலும் ஒன்றே, கட்டைகள்தான் இல்லை. கட்டை இல்லாததால் உடைந்த கட்டை, தேய்ந்த ரப்பர் காண்டாக்ட் போன்ற தொல்லைகளும் இல்லை. ஒரு எச்சரிக்கை: முகப்பில் பெரும்பாலும் கொஞ்சம் பட்டன்கள்தான் இருக்கும், ஒலியை மாற்றி அமைப்பது பொறுமையைச் சோதிக்கும். எம்.கே.எஸ்.50-ஐ இயக்க பி.ஜி.300 என்று தனி கன்ட்ரோலர் உண்டு. அதைத் தனியாக வாங்கப் போனால் விலை கண்ணைக் கட்டும். கணினியில் ஓடும் எடிட்டர் ஒன்று அந்த மாடலுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தப் பட்டியலிலும் சில ஏற்கெனவே விலை ஏறிவிட்டன. அதனால் ஒன்றிலேயே மனதை வைக்காதீர்கள்.

இரண்டாவது வழி, நாகரிகம் கடந்துபோன காலத்தைத் தேடுவது. 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலும் வந்த டிஜிட்டல் ரிவெர்ப்கள், சவுண்ட் மாட்யூல்கள் (கட்டை இல்லாத சின்தசைசர் பெட்டிகள்) இன்னும் எண்ணிக்கையில் ஏராளம். என் அனுபவத்தில் புதிதாக வருபவருக்கு ஏற்றவை இவை:

யமஹா எஸ்.பி.எக்ஸ்.90, 1985-இல் வந்தது. ஒற்றை உள்ளீடு, ஸ்டீரியோ வெளியீடு. எஃபெக்ட் ஒலி 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. அந்தக் குறைதான் அதன் அழகு. குரலுக்குப் பின்னால் அந்த ரிவெர்ப் ஒரு திரைச்சீலை மாதிரி விழும், முன்னால் வந்து இடிக்காது. 'சிம்ஃபோனிக்' என்ற ப்ரீசெட்டில் (ஆயத்த அமைப்பில்) ஒரு சாதாரண ஆர்கன் ஒலியைப் போட்டுப் பாருங்கள்.

அலசிஸ் மிடிவெர்ப் 2. எதையும் மாற்ற முடியாது, எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். அதனாலேயே பலர் ஒதுக்குகிறார்கள். அதிலிருக்கும் 'ப்ளூம்' வகை ப்ரோகிராம்களில் கிட்டாரை அனுப்பினால் ஒலி மெல்ல மலர்ந்து பெருகும். அதைக் கேட்டபின் ஒதுக்கமாட்டீர்கள்.

யமஹா டி.எக்ஸ்.81.இசட், 1987. நான்கு ஆபரேட்டர் (அலை உண்டாக்கும் பகுதி) எஃப்.எம்., அதாவது ஒரு அலையால் இன்னொன்றை அசைத்து ஒலி செய்யும் முறை, ஆனால் சைன் அலையோடு சேர்த்து எட்டு அலைவடிவங்கள். 'லேட்லி பேஸ்' என்ற அதன் பேஸ் ஒலியை நீங்கள் பெயர் தெரியாமலே எத்தனையோ நடனப் பாடல்களில் கேட்டிருப்பீர்கள்.

ரோலண்ட் ஜே.வி.1080, 1994. ஒரே நேரத்தில் 64 ஸ்வரங்கள், உள்ளே கூடுதல் ஒலிகள் தரும் நான்கு எக்ஸ்பான்ஷன் போர்டுகளுக்கு இடம். விற்பவர்களில் பலருக்கு உள்ளே போர்டு இருப்பதே தெரியாது. சிலவேளை அந்த ஒரு போர்டை மட்டும் தனியாக வாங்கக் கொடுக்கும் தொகைக்கு முழுப் பெட்டியும் கிடைத்துவிடும்.

இவற்றோடு ஈ-மியூ ப்ரோட்டியஸ், ரோலண்ட் டி110 ஆகியவற்றையும் கண்ணில் வையுங்கள். டி110-க்குப் பின்னால் ஸ்டீரியோ வெளியீடு தவிர ஆறு தனி வெளியீடுகள் இருப்பது பலர் கவனிக்காத வசதி.

மூன்றாவது வழி, 'இசைக்கருவி' என்ற பெயரிலேயே விற்காதவை. வழிபாட்டுத் தலங்கள், வானொலி நிலையங்கள், பள்ளி அரங்குகள், மாநாட்டுக் கூடங்கள் ஒலி அமைப்பை மாற்றும்போது கழித்துப்போடும் பொருட்கள். கிராஃபிக் ஈக்வலைசர், நாய்ஸ் கேட் (ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனால் மூடிக்கொள்ளும் கருவி), ஸ்பீக்கர் டிலே, கரோக்கி எக்கோ. நாய்ஸ் கேட்டில் வெளியிலிருந்து சிக்னல் கொடுத்துத் திறக்கும் 'கீ' உள்ளீடு இருந்தால், தாளத்துக்கு ஏற்ப ஒரு நீண்ட ஸ்வரத்தை வெட்டி வெட்டி ஒலிக்கவைக்கலாம். அந்த ஒன்றுக்காகவே நான் இரண்டு கேட் வைத்திருக்கிறேன்.

2. விற்பவர் எழுதும் சொல்லைத் தேடுங்கள்

நல்ல விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் தவறாகப் பெயரிட்டவை. விற்பவருக்கு அது என்ன என்றே தெரியாது. 'பழைய ஆம்ப்ளிஃபையர்', 'ஸ்டூடியோ பெட்டி', 'ஸ்டீரியோ சாமான்' என்று போட்டிருப்பார். ஆகவே மாடல் பெயரை இடைவெளியோடு, கோட்டோடு, இரண்டும் இல்லாமல் என மூன்று விதமாகத் தேடுங்கள். எழுத்துப்பிழையோடும் தேடுங்கள். 'டோன் ஜெனரேட்டர்', 'எக்ஸ்பாண்டர்', 'சவுண்ட் மாட்யூல்' மூன்றும் ஒரே வகைப் பொருளைக் குறிக்கும் வெவ்வேறு பெயர்கள். தேடலைச் சேமித்துவைத்து அறிவிப்பு வரும்படி செய்துகொண்டால் தினமும் உட்கார்ந்து துழாவ வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய புதையல், பெட்டியோடு மொத்தமாக விற்கும் ரேக். இசைக்குழு ஒன்று கலைந்த பிறகு ஆறேழு கருவிகள் பூட்டிய ஃப்ளைட் கேஸை (பயணத்துக்கான கெட்டிப் பெட்டியை) அப்படியே விற்பார்கள். விளம்பரத்தில் மேலே உள்ள பவர் ஆம்ப்பின் பெயர் மட்டும் இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகப்பின் நிறம், பட்டன் வரிசை, டிஸ்பிளேயின் இடம் ஆகியவற்றைக் கொண்டே மாடலை அடையாளம் காணப் பழகிக்கொள்ளலாம். இரண்டு மூன்று வாரம் படங்களைப் பார்த்தால் கண் பழகிவிடும். என்னிடம் இருக்கும் சிறந்த ரிவெர்ப் அப்படி வந்ததுதான். வேண்டாத பவர் ஆம்ப்பை விற்றதில் பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் பாதி திரும்பி வந்தது.

ஜப்பானிய விற்பனைத் தளங்களில் 'ஜங்க்' என்ற குறிப்பைப் பார்ப்பீர்கள். அது செத்த பொருள் என்று அர்த்தமல்ல. சோதிக்கவில்லை, உத்தரவாதம் இல்லை, திருப்பி எடுக்கமாட்டோம் என்று அர்த்தம். நன்றாக ஓடுவதும் அதில் உண்டு, ஓடாததும் உண்டு. முதல் கருவியை அங்கே வாங்காதீர்கள்.

அவசரமும் வேண்டாம். விளம்பரம் வந்த முதல் வாரம் விற்பவர் விலையைக் குறைக்கமாட்டார். மூன்று வாரம் கழித்து மரியாதையாக ஒரு தொகையைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் பேச்சுக்கு வருவார்.

3. மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்

விளம்பரங்களில் கேட்கும் விலையை விலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'விற்று முடிந்தவை' என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி பெரிய தளங்களில் உண்டு. கடைசி ஐந்தாறு விற்பனைகளின் நடுவில் நிற்கும் தொகைதான் உண்மையான விலை.

அதோடு அனுப்பும் செலவைச் சேருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் பருமனையும் எடையாக மாற்றிப் பார்க்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான முறை. நான்கு கிலோ ரிவெர்ப்பை 60, 40, 20 என்ற அளவுள்ள அட்டைப்பெட்டியில் வைத்தால் கணக்கு 9.6 கிலோ. எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். பெட்டியின் அளவை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கவரி. பல நாடுகளில் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு வரி போடுகிறார்கள். கடைசியாகப் பழுது பார்க்கும் செலவு. தொழில்நுட்பர் பெட்டியைத் திறந்து பார்க்கவே வாங்கும் கட்டணம், சில கருவிகளின் விலையைவிட அதிகமாக இருக்கும்.

நான் கடைப்பிடிப்பது இது: கருவியின் விலை எவ்வளவோ அவ்வளவு இன்னொரு பங்கு கையில் இருந்தால் மட்டும் வாங்குவேன். இல்லாவிட்டால் அடுத்ததற்குக் காத்திருப்பேன்.

4. பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

'சோதித்தது' என்று விற்பவர் எழுதினால், விளக்கு எரிந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தெரிய வேண்டுமானால் கேட்டுத்தான் பெற வேண்டும்.

பின்பக்கத் தகட்டின் தெளிவான படம் கேளுங்கள். வோல்ட், வரிசை எண், உள்ளீடு வெளியீடு எல்லாம் அதில் இருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு எடுத்த டிஸ்பிளே படம் கேளுங்கள். வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மங்கிப்போன டிஸ்பிளே தெரியாது. இயக்கிய உடனே திரையில் என்ன வருகிறது என்று ஒரு சிறு காணொளி கேளுங்கள், பேட்டரி பற்றிய எச்சரிக்கை வந்தால் அதில் தெரிந்துவிடும். ஒலி உள்ளே போய் வெளியே வருவதையும் பதிவுசெய்து தரச் சொல்லுங்கள். அதற்கு ஒரு செல்பேசிப் பாட்டு போதும். ரேக்கில் பொருத்தும் இரு காதுகளும் வளையாமல் இருக்கின்றனவா, அடாப்டர் கூட வருகிறதா, சாம்பளர் என்றால் சிஸ்டம் வட்டு வருகிறதா என்பதையும் விடாதீர்கள்.

இதையெல்லாம் கேட்டதற்கு எரிச்சலோடு பதில் சொல்பவரிடம் நான் வாங்குவதில்லை. நல்ல பொருள் வைத்திருப்பவர் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

5. மின்சாரம்: அதிகம் பலி வாங்கும் இடம்

ஜப்பான் உள்நாட்டுக் கருவிகள் 100 வோல்ட், அமெரிக்காவுக்கானவை 120, ஐரோப்பாவுக்கானவை 220 முதல் 240. உங்கள் சுவரில் வருவது எது என்று தெரிந்துகொண்டு, தகட்டில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் ஸ்டெப் டவுன் அல்லது ஸ்டெப் அப் ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். கருவியின் வாட் அளவைப்போல் ஒன்றரை மடங்காவது தாங்கும் ட்ரான்ஸ்ஃபார்மரை எடுங்கள். சிலவற்றில் பின்னாலோ உள்ளேயோ வோல்ட் மாற்றும் வசதி இருக்கும். அதை மாற்றும்போது ஃபியூஸின் அளவும் மாற வேண்டியிருக்கும், கையேட்டில் பாருங்கள்.

இன்னொரு பொறி, வெளி அடாப்டர். மிடிவெர்ப் போன்ற அலசிஸ் கருவிகளுக்கு வேண்டியது 9 வோல்ட் ஏ.சி. வீட்டில் கிடக்கும் அடாப்டர்களோ பெரும்பாலும் டி.சி. முனை ஒன்றுபோலவே இருக்கும், அழகாகச் செருகிக்கொள்ளும், கருவி வேலை செய்யாது. சிலது கெட்டும் போகும். அடாப்டரின் மேலே அச்சிட்டிருப்பதில் உள்ளீட்டை அல்ல, வெளியீட்டு வரியைப் படியுங்கள். அதில் ஏ.சி.யா டி.சி.யா, எத்தனை வோல்ட், எத்தனை மில்லிஆம்பியர் என்ற மூன்றும் பொருந்த வேண்டும். மில்லிஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம்.

பல ஆண்டு தூங்கிய கருவியை முதன்முதலாக இயக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். மின்சாரம் நுழையும் இடத்தில் ஒளி ஊடுருவும் மஞ்சள் உறைபோட்ட காகிதக் கெபாசிட்டர் இருக்கும் கருவிகள் உண்டு. உறை விரிசல்விட்டு, ஈரம் ஏறி, ஒருநாள் புகையோடு வெடிக்கும். படத்தில் அதைப் பார்த்தால், இயக்கும் முன்பே மாற்றச் சொல்லுங்கள். மின் பலகையைத் தொடும் வேலை தெரிந்தவர் கையில் இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

6. ஆவணங்கள்

கருவி வந்து சேர்வதற்குள் இவற்றைச் சேகரித்துவிடுங்கள். பயனர் கையேடு. மிடி (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி) செய்திகளின் அட்டவணை. பெரும்பாலும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். சர்வீஸ் கையேடு, நீங்கள் திறக்காவிட்டாலும் தொழில்நுட்பரிடம் கொடுத்தால் அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிச்சம். ஆலையில் வைத்து அனுப்பிய ஒலிகளின் சிஸெக்ஸ் கோப்பு, அதாவது மிடி வழியாகக் கருவிக்குள் ஏற்றும் ஒலி அமைப்புத் தகவல்.

வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு விற்பவரின் இன்வாய்ஸ், பணம் செலுத்திய சான்று, அடையாள ஆவணம் மூன்றும் தயாராக இருக்கட்டும். இன்வாய்ஸில் 'எலக்ட்ரானிக்ஸ்' என்று மொட்டையாக எழுதினால் சுங்கத்தில் நிற்கும். 'பயன்படுத்திய மின்னணு இசைக்கருவி', மாடல் பெயர், வாங்கிய விலை என்று எழுதச் சொல்லுங்கள். சவுண்ட் மாட்யூல்கள், சாம்பளர்கள் போன்ற மின்னணு இசைக்கருவிகள் பன்னாட்டுச் சுங்கப் பட்டியலில் 9207 என்ற தலைப்பின்கீழ் வரும். ரிவெர்ப், டிலே போன்றவை வேறு தலைப்பில் போகலாம்; சுங்கத் தரகரிடம் முன்பே கேளுங்கள். விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். வழியில் உடைந்தால் அந்தக் குறைந்த தொகைதான் இழப்பீடாக வரும்.

7. வந்த முதல் இரண்டு நாள்

பெட்டியைத் திறப்பதையே காணொளியாக எடுங்கள். குளிர்ந்த இடத்திலிருந்து வந்திருந்தால் சில மணி நேரம் அறையில் வைத்துவிட்டு இயக்குங்கள், உள்ளே ஈரம் படிந்திருக்கலாம்.

குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் இயக்காதீர்கள். கழன்ற திருகு ஒன்று போதும், பலகையைச் சுட்டுவிடும். சத்தமில்லை என்றால் இயக்கி, ஹம்மிங், கருகிய வாசம் இரண்டையும் கவனியுங்கள். பிறகு ஒவ்வொரு பட்டனையும், ஒவ்வொரு நாபையும், ஒவ்வொரு ஜாக்கையும் சோதியுங்கள். ஒவ்வொன்றையும் என்றால் ஒவ்வொன்றையும்தான். நாபைத் திருப்பும்போது எண்கள் தாவினாலோ கரகரத்தாலோ பயப்பட வேண்டாம், காண்டாக்ட் கிளீனரில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு சைன் அலையை மெல்ல மங்கவிட்டுக் கேளுங்கள். டிஜிட்டல் பகுதியில் கோளாறு இருந்தால் ஒலி அடங்கும் வாலில் பொரிவது போன்ற சத்தம் கேட்கும்.

கடைசியாக இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். சூடு ஏறிய பின்பு மட்டும் வரும் பழுதுகள் உண்டு. திருப்பி அனுப்பும் காலக்கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான். 'வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டு நான் ஒரு முறை அதைத் தவறவிட்டேன்.

8. பேட்டரி, ஃப்ளாப்பி, திரை

உள்ளே இருக்கும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரிதான் நீங்கள் சேமிக்கும் ஒலிகளைக் காப்பாற்றுகிறது. அது தீர்ந்தால் கருவி சாகாது. எஸ்.பி.எக்ஸ்.90-இல் முதல் 30 ப்ரீசெட்கள் நிலையான நினைவகத்தில் இருக்கின்றன, பேட்டரி போனால் காலியாவது பயனர் இடங்கள் மட்டுமே. டி.எக்ஸ்.81.இசட்டிலும் 128 ஒலிகள் அப்படியே நிற்கும். விற்பவர் 'பேட்டரி லோ' என்பதைப் பெரிய பழுதாக நினைத்து விலையைக் குறைத்திருந்தால் அது உங்களுக்கு நல்ல காலம்.

ஆனால் மாற்றும் முன் உள்ளிருக்கும் ஒலிகளைக் கணினிக்கு எடுத்துவிடுங்கள். மாக்கில் சிஸெக்ஸ் லைப்ரரியன், விண்டோஸில் மிடி ஆக்ஸ் இதற்குப் போதும். மிக மலிவான யூ.எஸ்.பி. மிடி கேபிள்கள் ஸ்வரங்களை ஒழுங்காக அனுப்பும், நீண்ட சிஸெக்ஸ் தகவலைச் சிதைத்துவிடும். ஒலி ஏறவில்லை என்றால் கருவியைக் குறை சொல்லும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். பல கருவிகளில் பேட்டரியைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். தொழில்நுட்பரிடம் கொடுக்கும்போது சி.ஆர்.2032 காயின் பேட்டரிக்கான ஹோல்டர் ஒன்றையும் வைக்கச் சொன்னால் அடுத்த முறை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

சாம்பளர்களில் யமஹா டி.எக்ஸ்.16.டபிள்யூ, என்சோனிக் மிராஜ், ஈ-மியூ ஈமேக்ஸ் போன்றவை ஃப்ளாப்பியில் சிஸ்டம் இல்லாமல் எழாது. வட்டு கையில் வராமல் இவற்றை வாங்கவே வாங்காதீர்கள். பழைய டிரைவை எடுத்துவிட்டு, ஃப்ளாப்பிக்குப் பதில் யூ.எஸ்.பி. ஸ்டிக்கைப் படிக்கும் எமுலேட்டர் பொருத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. உங்கள் மாடலுக்கு அது ஒத்துவருமா என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். மங்கிய திரைக்கு எல்.இ.டி. மாற்றுத் திரைகள் பல மாடல்களுக்குக் கிடைக்கின்றன.

9. இணைப்பது

தொழில்முறைக் கருவிகள் +4 டி.பி.யூ. என்ற சிக்னல் அளவில் பேசும், வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகள் -10 டி.பி.வி. அளவில். இடைவெளி ஏறக்குறைய 12 டெசிபல். பின்னால் அளவை மாற்றும் சுவிட்ச் இருந்தால் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (கணினிக்குள் ஒலியை அனுப்பி எடுக்கும் பெட்டிக்கு) ஏற்ப வையுங்கள். பழைய ரிவெர்ப் இரைகிறது என்று குறைப்படுபவர்களில் பாதிப்பேர் அதற்குப் போதிய சிக்னல் கொடுக்காதவர்கள். மீட்டர் மேலே தொட்டுத் தொட்டு வரும்படி கொடுங்கள், பன்னிரண்டு பதினாறு பிட் காலத்துக் கருவிகளுக்கு அது தேவை.

இன்டர்ஃபேஸில் முதன்மை வெளியீடு தவிர இன்னொரு வெளியீடாவது இருக்க வேண்டும். அதிலிருந்து ரிவெர்ப்புக்கு அனுப்பி, ஸ்டீரியோவாக இரண்டு உள்ளீடுகளில் திரும்ப எடுங்கள். கருவியில் மூல ஒலியை முழுக்க நிறுத்தி எஃபெக்ட்டை மட்டும் நூறு சதவீதம் வையுங்கள், இல்லாவிட்டால் மூல ஒலி இரண்டு முறை கேட்கும்.

ஹம்மிங் வந்தால் எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் உடைக்கவோ மறைக்கவோ கூடாது. ஹம்மிங்கை நிறுத்த ஆடியோ ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒரு சிறு ஸ்டிக்கரில் வோல்ட், அடாப்டரின் அளவு, பேட்டரி மாற்றிய மாதமும் ஆண்டும் எழுதிக் கருவியின் மேல்தகட்டில் ஒட்டுங்கள். சிஸெக்ஸ் கோப்பை இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு ரேக்கில் ஏற்றுங்கள்.